பல்வரிசைச் சீரமைப்பு: எலும்புக்குள் நகரும் பற்கள்

கோணலாக முளைத்த பற்களையும் ஒன்றோடொன்று பொருந்தாத தாடைகளையும் மெல்லிய விசையால் சிறுகச் சிறுக நகர்த்திச் சரியான கடிக்குக் கொண்டுவரும் பல் மருத்துவப் பிரிவு, பல்வரிசைச் சீரமைப்பு. மருத்துவர்கள் ஆர்த்தோடாண்டிக்ஸ் என்பார்கள். நேர் என்றும் பல் என்றும் பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்கள் சேர்ந்த பெயர் அது. வீடுகளில் 'பல்லுக்குக் கம்பி போடுவது', 'கிளிப் போடுவது' என்றால்தான் புரியும். கம்பி வெளியே தெரிகிறது. வேலை ஈறுக்கு அடியில், எலும்புக்குள் நடக்கிறது.

பல் எலும்பில் அறைந்த ஆணி போல இறுகி நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் ஒரு நார்த்திசு இருக்கிறது. ரத்தக்குழாய்களும் நரம்புகளும் நிறைந்த அந்தத் திசுதான் பல்லை ஊஞ்சல் போலத் தாங்குகிறது. பல்லை ஒரு பக்கமாக மெதுவாகத் தள்ளிக்கொண்டே இருந்தால், அழுந்தும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் செல்கள் வந்து கூடும். இழுபடும் பக்கத்தில் எலும்பைக் கட்டும் செல்கள் வேலையைத் தொடங்கும். முன்னால் வழி திறக்க, பின்னால் பள்ளம் மூடிக்கொண்டே வரும். சுவீடனைச் சேர்ந்த கார்ல் சாண்ட்ஸ்டெட் நாய்களின் பற்களில் இதைச் சோதித்து 1904-இல் எழுதினார். நார்த்திசு அழிந்து எலும்போடு ஒட்டிப்போன பல்லை எந்தக் கம்பியாலும் அசைக்க முடியாது. செயற்கையாகப் பதித்த இம்ப்ளான்ட் பல்லும் அப்படித்தான்.

பல் மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் நகரும். அதனால்தான் பெரும்பாலான சிகிச்சைகள் ஒன்றரை ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டுவரை நீள்கின்றன. "இன்னும் கொஞ்சம் டைட் பண்ணுங்க டாக்டர், சீக்கிரம் முடியட்டும்" என்று கேட்பவர்கள் உண்டு. விசை அதிகமானால் நார்த்திசுவின் ரத்தக்குழாய்கள் நசுங்கும். அந்த இடத்தில் செல்கள் மடியும். எலும்பு கரைவது தடைப்படும். பல் வேகமாக நகர்வதற்குப் பதில் நின்றுவிடும். வலி கூடும், வேரின் நுனி கரைந்து குட்டையாகும் அபாயமும் உண்டு. இந்த மருத்துவத்தில் அவசரத்துக்கு இடமே இல்லை.

பாரிஸின் பியேர் ஃபோஷார் 1728-இல் வெளியிட்ட பல் மருத்துவ நூலில், லாட வடிவ உலோகத் தகட்டில் பற்களை நூலால் கட்டி வரிசைக்குக் கொண்டுவரும் முறை இருக்கிறது. ஆனால் இது தனித் துறையாக உருவானது அமெரிக்காவின் எட்வர்ட் ஆங்கிள் கையில்தான். 1899-இல் அவர் கோணல் கடிகளை மூன்று வகுப்புகளாகப் பிரித்தார். ஆறு வயதில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்தான் அவருடைய அளவுகோல். மேலும் கீழும் அந்தப் பற்கள் சரியாகப் பொருந்தி, மற்ற பற்கள் மட்டும் நெருக்கியடித்து நின்றால் முதல் வகுப்பு. கீழ்ப்பல் பின்னுக்கு இருந்தால் இரண்டாம் வகுப்பு. எடுப்பான மேல்பல்லும் உள்வாங்கிய மோவாயும் பெரும்பாலும் இதில் வரும். கீழ்ப்பல் முன்னுக்கு வந்திருந்தால் மூன்றாம் வகுப்பு. ஒரு நூற்றாண்டு கடந்தும் உலகெங்கும் மருத்துவர்கள் முதலில் எழுதும் குறிப்பு இதுதான்.

ஒரு பல்லைக்கூடப் பிடுங்கக் கூடாது என்பது ஆங்கிளின் பிடிவாதம். எல்லாப் பற்களையும் ஒழுங்காக நிறுத்தினால் எலும்பு தானாக வளர்ந்து இடம் கொடுக்கும் என்று அவர் நம்பினார். அவருடைய மாணவர் சார்லஸ் ட்வீட், அரிசோனாவில் அதே வழியில் சிகிச்சை செய்தார். முடித்த பற்கள் மறுபடி கோணலாகி வந்தன. சிலருக்கு உதடு மூட முடியாதபடி பற்கள் முன்னே துருத்தின. ட்வீட் தன் தவறை மறைக்கவில்லை. நூறு பேரை மறுபடி அழைத்து, நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டுத் திரும்பச் சிகிச்சை செய்து, முடிவுகளைச் சக மருத்துவர்கள் முன் வைத்தார். மருத்துவ வரலாற்றில் இப்படிப்பட்ட நேர்மை மிக அரிது. இன்று பல் எடுப்பதா வேண்டாமா என்பதை எக்ஸ்ரேயும் பல் அச்சும் முகத்தின் பக்கவாட்டு அமைப்பும் பார்த்து, ஆளுக்கு ஆள் முடிவு செய்கிறார்கள்.

ஒரு காலத்தில் ஒவ்வொரு பல்லுக்கும் உலோக வளையம் மாட்ட வேண்டியிருந்தது. 1955-இல் மைக்கேல் புவோனகோர், அமிலம் தடவிய எனாமலில் பசை இறுகப் பிடிக்கிறது என்று கண்டுபிடித்தார். அதன் பிறகு வளையங்கள் கடைவாய்க்கு ஒதுங்கின. இன்று கம்பி போடும் நாளில் நடப்பது இதுதான்: பல்லைத் துடைத்துக் காயவைத்து நீல நிற ஜெல்லை அரை நிமிடம் தடவிக் கழுவுகிறார்கள். பளபளத்த எனாமல் சாக்பீஸ் போல வெளுத்திருக்கும். கம்பியைப் பிடிக்கும் பிராக்கெட் என்ற சிறு பிடியைப் பசை வைத்து ஒட்டி, நீல ஒளியைச் சில நொடி காட்டினால் பசை கல்லாகிவிடும். பிறகு மெல்லிய நிக்கல் டைட்டானியம் கம்பியைப் பிராக்கெட்டுகளில் பொருத்தி, சின்ன ரப்பர் வளையங்களால் மூடுவார்கள். கோணலான பல்வரிசைக்கு ஏற்ப வளைந்து உட்காரும் அந்தக் கம்பி, தன் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். பல்லை இழுப்பது அந்த நினைவுதான். முதல் மூன்று நாள் இட்லியும் ரசம் சாதமும் போதும். அதன் பிறகும் முறுக்கு, தட்டை, கடலைமிட்டாய், பொங்கல் கரும்பு எல்லாம் பிராக்கெட்டைப் பெயர்க்கும். கொய்யாவைக்கூடத் துண்டு போட்டுத்தான் சாப்பிட வேண்டும். பிராக்கெட்டைச் சுற்றித் துலக்காமல் விட்டால் கம்பி கழற்றும்போது பற்களில் சதுரம் சதுரமாக வெள்ளைத் தழும்பு தெரியும். அது சொத்தையின் தொடக்கம்.

கோணலுக்கு ஒரு காரணம் பரம்பரை. தாடை சிறிதாகவும் பல் பெரிதாகவும் அமைந்தால் நெருக்கடிதான். விரல் சூப்புவது, மூக்கடைப்பால் வாய்வழியாக மூச்சுவிடுவது, நாக்கை முன்பற்களில் தள்ளுவது ஆகியவையும் உண்டு. ஆனால் நம் வீடுகளில் அதிகம் கவனிக்கப்படாத காரணம் பால்பல் சொத்தை. "பால்பல்தானே, விழுந்துடும்" என்று விட்டுவிடுகிறோம். பால் கடைவாய்ப்பல் காலத்துக்கு முன்பே போனால், பின்னால் முளைத்த ஆறு வயதுக் கடைவாய்ப்பல் முன்னே சரிந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கீழே காத்திருக்கும் நிரந்தரப் பல்லுக்கு வழி அடைபட்டுவிடும். இடத்தைக் காக்கும் ஒரு சிறிய கம்பி வளையம், பின்னால் வரவிருக்கும் இரண்டு ஆண்டுச் சிகிச்சையைக்கூடத் தவிர்க்கலாம்.

பல் கோணலைவிடக் கடினமானது தாடைக் கோளாறு. ஸ்பெயின் மன்னர் இரண்டாம் சார்லஸுக்கு (1661–1700) கீழ்த்தாடை மிகவும் முன்தள்ளியிருந்தது. உணவை மெல்லவே சிரமப்பட்டார். அவருடைய ஹாப்ஸ்பர்க் குடும்பத்தின் ஓவியங்களில் தலைமுறை தலைமுறையாக அதே மோவாயைப் பார்க்கலாம். இன்று குழந்தைப் பருவத்திலேயே கண்டுபிடித்தால், வளர்ச்சியைத் திருப்பிவிட வாய்ப்பு உண்டு. பின்தங்கிய கீழ்த்தாடைக்கு, ஸ்காட்லாந்தின் வில்லியம் கிளார்க் 1977-இல் உருவாக்கிய ட்வின் பிளாக் என்ற இரட்டைத் தட்டு உதவுகிறது. வாயை மூடும்போதெல்லாம் கீழ்த்தாடை முன்னே வந்தே தீரும் வகையில் அது செதுக்கப்பட்டிருக்கும். குறுகிய மேல்தாடைக்கு அண்ணத்தில் ஒரு திருகு பொருத்துவார்கள். அம்மாவோ அப்பாவோ தினமும் சாவியால் அதைக் கால் மில்லிமீட்டர் திருப்ப வேண்டும். சில நாட்களில் மேல் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழும், பெற்றோர் பதறிப்போவார்கள். பதற வேண்டியதில்லை. மேல்தாடையின் இரண்டு எலும்புகளும் நடுத்தையலில் பிரிந்து விரிகின்றன என்பதற்கு அதுவே அடையாளம். இடைவெளி பிறகு தானே மூடும். பதின்பருவம் முடிந்தால் அந்தத் தையல் இறுகிவிடும்.

வளர்ச்சி நின்ற பிறகு, பெரிய தாடைக் கோளாறுக்கு அறுவைதான் வழி. ஹூகோ ஓப்வேகெசர் 1950-களில் வகுத்த முறையில், கீழ்த்தாடையை வாய்க்குள்ளிருந்தே இருபுறமும் நீளவாக்கில் பிளந்து, முன்னோ பின்னோ நகர்த்திப் பொருத்துகிறார்கள். முகத்தில் வெளித்தழும்பு தெரியாது. அறுவைக்கு முன் கம்பி போடும் மாதங்களில் கடி இன்னும் மோசமாகத் தெரியும். தாடைக் கோளாறை மறைக்கச் சாய்ந்திருந்த பற்களை நிமிர்த்துவதால் வருவது அது. இதை முன்பே விளக்கிச் சொல்லாவிட்டால் நோயாளி மனமுடைந்துபோவார்.

1997-இல் தொடங்கிய அலைன் டெக்னாலஜி நிறுவனத்தின் இன்விசலைன், கம்பிக்கு மாற்றாகக் கழற்றி மாட்டும், கண்ணாடி போன்ற அலைனர் தட்டுகளைப் பரவலாக்கியது. மிதமான கோணலுக்கு அவை நன்றாக உதவுகின்றன; நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் போட்டுக்கொள்ளும் ஒழுங்கு இருந்தால் மட்டும். மருத்துவரை நேரில் பார்க்காமலே அலைனரை வீட்டுக்கு அனுப்பிய ஸ்மைல் டைரக்ட் கிளப், 2023 டிசம்பரில் கடையை மூடியது. சிகிச்சையின் நடுவே இருந்தவர்கள் திகைத்து நின்றார்கள். வேரையும் எலும்பையும் எக்ஸ்ரேயில் பார்க்காமல் பல்லை நகர்த்துவது ஆபத்தான வேலை. இந்தியாவில் பி.டி.எஸ். முடித்து மேலும் மூன்று ஆண்டு படித்து, இந்தப் பிரிவில் எம்.டி.எஸ். பெற்றவரே சிறப்பு மருத்துவர். கம்பி போடும் முன் அந்தப் படிப்பைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை.

கம்பி கழற்றும் நாளோடு சிகிச்சை முடிவதில்லை. நகர்ந்த பல்லைச் சுற்றியுள்ள ஈறு நார்கள் புது இடத்துக்குப் பழக ஓராண்டு வரை ஆகும். அதுவரை அவை பழைய இடத்துக்கே பல்லை இழுக்கும். போதாததற்கு, கம்பியே போடாதவர்களுக்கும் வயது ஏறஏறக் கீழ் முன்பற்கள் நெருங்கத்தான் செய்யும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லிட்டில், சிகிச்சை முடித்தவர்களைப் பல ஆண்டுகள் கழித்து அழைத்துப் பார்த்தபோது, பெரும்பாலோருக்குக் கீழ்ப்பற்கள் மறுபடி நெருங்கியிருந்தன. எனவே ரீடெய்னர் என்னும் காப்புத் தட்டை முதலில் நாள் முழுக்கவும், பிறகு ஆண்டுக்கணக்கில் இரவிலும் அணியச் சொல்கிறார்கள். ஹோட்டலில் சாப்பிடும்போது டிஷ்யூவில் சுற்றி வைத்து, இலையோடு குப்பைக்குப் போன ரீடெய்னர்கள் ஏராளம். அதற்கென்று தரும் டப்பாவைப் பையிலேயே வைத்திருங்கள். தொலைந்தால் அந்த வாரமே புதிது செய்துகொள்ளுங்கள். வீட்டில் ஏழு வயதுக் குழந்தை இருந்தால், பல்வரிசை நன்றாகத் தெரிந்தாலும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.