ஒட்டி அனுப்பிய கோபுரங்கள்

'மன்னார்குடி மதிலழகு' என்பார்கள். ராஜகோபாலசுவாமி கோயில் மதிலை ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் கால் வலி கண்டுவிடும். அப்பேர்ப்பட்ட மதிலையும் கோபுரத்தையும் கட்டைவிரல் அகலக் காகிதத்தில் அடக்கி, பின்னால் கோந்து தடவி விற்பது என்றால் சும்மாவா? அந்த வித்தைதான் அஞ்சல்தலை. கட்டடங்களும் அரசுச் சின்னங்களும் உள்ள தலைகளை மட்டும் வருஷவாரியாக அடுக்கிப் பாருங்கள். யார் வந்தார்கள், யார் போனார்கள் என்ற கதை தானே வந்து நிற்கும்.

முதலில் சின்னம். 1852-ல் வெளிவந்த 'சிந்த் டாக்'தான் ஆசியாவின் முதல் ஒட்டும் அஞ்சல்தலை. விலை அரையணா. அதில் ராணி படம் கிடையாது; கிழக்கிந்தியக் கம்பெனியின் வியாபார முத்திரை! சரக்கு மூட்டை மேல் போடுகிற அதே மார்க். நாட்டைக் கடையாக நினைத்தவர்கள் வேறென்ன போடுவார்கள்?

திருவிதாங்கூர் 1888-ல் தன் முதல் தலையை வெளியிட்டபோது, மகாராஜா முகத்தைப் போடவில்லை. சமஸ்தானத்தின் சின்னமான சங்கைப் போட்டது. நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூரில்தானே இருந்தது? ஆகவே அந்தச் சங்கு ஒட்டிய கடிதங்கள் தமிழர் வீட்டுத் திண்ணைக்கும் வந்தன.

அடுத்து கட்டடம். 1931-ல் புதுடெல்லி திறப்பு விழாவுக்கு வந்த ஆறு தலைகள்தான் இந்தியாவின் முதல் படத் தலைகள். எல்லாம் டெல்லிக் கட்டடங்கள். 1935-ல் ஐந்தாம் ஜார்ஜ் பட்டமேறிய வெள்ளி விழாவுக்கு ஏழு வந்தன. அதில் ஒரு அணாத் தலையில் நம்ம ராமேஸ்வரம் கோயில்! எட்டணாவில் மாந்தளே பகோடா. பர்மா எப்படி இங்கே வந்தது என்கிறீர்களா? 1937 வரை பர்மா, இந்தியாவின் ஒரு மாகாணம். ஆனால், ஒன்று... கோயிலானாலும் பகோடாவானாலும் பக்கத்தில் ராஜாவின் தலை இருந்தே தீரும்.

1947 டிசம்பரில் அசோகரின் சிங்கங்கள் ஒன்றரை அணாவில் ஏறின. பிறகு 1949 ஆகஸ்ட் 15. ஒரே நாளில் பதினாறு தலைகள். அஜந்தா யானை, கொனாரக் குதிரை, நடராஜர், சாஞ்சி, பீஜப்பூர் கோல்கும்பஸ், அமிர்தசரஸ் பொற்கோயில், செங்கோட்டை, தாஜ்மகால்... சட்டப்படி அன்றைக்கும் நமக்கு ராஜா ஆறாம் ஜார்ஜ்தான். குடியரசானது 1950 ஜனவரி 26-ல். ஆனால், பதினாறில் ஒன்றில்கூட அவர் முகம் இல்லை. சத்தமில்லாமல் நடந்த பட்டம் பறிப்பு!

இந்த வரிசையில் ஒரு தமாஷும் உண்டு. ஒரு அணாவின் போதிசத்துவர் இடம் வலம் மாறி அச்சாகிவிட்டார். 1950-ல் திருத்தி வெளியிட்டார்கள். சேகரிப்பவர்கள் இரண்டையும் தேடுவார்கள்.

கணக்கும் பார்த்துவிடுவோம். காலணாவிலிருந்து பன்னிரண்டணா வரை பதினோரு தலைகளுக்கு 2 ரூபாய் 9 அணா. மீதி ஐந்துக்கு மட்டும் 33 ரூபாய்! பள்ளிக்கூடத்துப் பையனுக்கு நடராஜர் கிடைப்பார்; பதினைந்து ரூபாய் சத்ருஞ்ஜயக் கோயில் கனவில்தான்.

அதே 1949-ல் சென்னை மாகாண அரசும் கோபுரத்தைத் தன் சின்னமாக்கிக்கொண்டது. அது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரமா, மதுரை மேலைக் கோபுரமா என்ற பஞ்சாயத்து இன்னும் ஓயவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஆயிரம் ஆண்டு நிறைந்தபோது, 2010-ல், ஐந்து ரூபாய்த் தலை வந்தது.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. டெல்டாவின் பழைய வீடுகளில் கம்பியில் குத்திய கடிதக் கட்டுகள் பரணில் கிடக்கும். பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுமுன் பிரித்துப் பாருங்கள். தலையை மட்டும் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடாதீர்கள், உறையோடு வையுங்கள். மேலே விழுந்த தபால் முத்திரையில்தான் ஊரும் தேதியும் இருக்கின்றன. மாந்தளே பகோடா ஒட்டிய உறை ஒன்று கிடைத்தால், அந்தக் கடிதம் எங்கே யாருக்குப் போனது என்பதையும் அதுவே சொல்லும். கட்டடத்தின் சரித்திரம் புத்தகத்தில் கிடைக்கும். உங்கள் வீட்டுச் சரித்திரம் அந்த உறையில் மட்டும்தான்.