133-வது இடத்தில் நின்ற இசைத்தட்டு

ஹார்ட் ராக் கேட்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் 'யாரும் கண்டுகொள்ளாமல் விட்ட நல்ல ஆல்பம் எது' என்ற பேச்சு வராமல் போகாது. ஒருவர் பட்ஜி என்பார், இன்னொருவர் கேப்டன் பியாண்ட் என்பார். பேச்சு முடிவதற்குள் எப்படியும் யாராவது 'மாண்ட்ரோஸ்' என்று சொல்லிவிடுவார். உடனே மறுப்பும் வரும்: பத்து லட்சம் பிரதி விற்றதைப் போய்க் கண்டுகொள்ளப்படாத ஆல்பம் என்று எப்படிச் சொல்வது?

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். 1973 அக்டோபரில் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட அந்த ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 133-வது இடத்துக்கு மேல் ஏறவே இல்லை. அதே ஆல்பத்துக்கு 1986இல் பிளாட்டினம் சான்றிதழ் கிடைத்தது. நடுவில் பதின்மூன்று வருடம். வந்த வேகத்தில் விற்றுத் தீர்ந்த சரக்கல்ல. ஒருவர் கேட்டு இன்னொருவரிடம் சொல்லி, கைக்குக் கை மாறி மெல்ல விற்றது. அந்தக் கைகள் யாருடையவை என்று பார்க்கப் போனால் விஷயம் சுவாரசியமாகிவிடுகிறது.

ஆல்பத்துக்கும் குழுவுக்கும் பெயர் தந்த ரோனி மாண்ட்ரோஸ் டென்வரில் வளர்ந்த கித்தார்க் கலைஞர். சான் பிரான்சிஸ்கோ பக்கம் வந்து, மற்றவர்களுக்கு வாசித்துக்கொடுத்துப் பிழைத்தவர். வான் மாரிசனின் 'டுபெலோ ஹனி' (1971) ஆல்பத்தில் வாசித்தார். அதில் மாரிசனோடு சேர்ந்து தயாரிப்பைக் கவனித்த டெட் டெம்பிள்மனும், பாஸ் வாசித்த பில் சர்ச்சும் இந்தக் கதைக்குள் திரும்ப வரப்போகிறவர்கள். அடுத்து எட்கர் வின்டர் குழு. அங்கே அவர் வாசித்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' 1973 மே மாதம் நாட்டிலேயே முதல் இடத்துக்கு வந்தபோது ரோனி அந்தக் குழுவில் இல்லை. சொந்தக் குழு வேண்டும் என்று அதற்கு முன்பே விலகிவிட்டார். பாட்டு உச்சிக்கு ஏறும்போது ஏணியிலிருந்து இறங்கி நடந்த மனுஷன். இந்தக் குணம் பின்னாலும் வேலை செய்யும்.

பாடகர் தானாகவே தேடி வந்தார். சாம்மி ஹேகர் அப்போது வட கலிபோர்னியா பார்களில் மற்றவர்கள் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தவர். ரோனிக்குப் பாடகர் தேவை என்று தெரிந்ததும் தான் எழுதிவைத்திருந்த பாடல்களோடு அவர் வீட்டுக்கே போய்ப் பாடிக் காட்டினார். 'பேட் மோட்டார் ஸ்கூட்டர்', 'மேக் இட் லாஸ்ட்' இரண்டும் ஹேகர் தனியாக எழுதியவை. ஆல்பத்தின் உறையில் அவர் பெயர் சாம் ஹேகர் என்றுதான் இருக்கும். சாம்மி ஆனது பிறகு. பாஸுக்குப் பில் சர்ச், டிரம்ஸுக்கு டென்னி கர்மாஸி. தயாரிப்புக்கு ரோனி கூப்பிட்டது டெம்பிள்மனை. ஒலிப்பதிவுக்கு டெம்பிள்மன் கூட்டிவந்தது டான் லாண்டியை.

டெம்பிள்மன் அறுபதுகளில் ஹார்பர்ஸ் பிஸார் என்ற மென்மையான பாப் குழுவில் பாடிக்கொண்டிருந்தவர். 1973இல் டூபி பிரதர்ஸை வைத்து வெற்றி பார்த்துக்கொண்டிருந்தார். முரட்டு ராக் அவருடைய வாடிக்கை கிடையாது. அதனால்தானோ என்னவோ, இந்த ஆல்பத்தில் முரட்டுத்தனம் குழம்பிக் கூழாகாமல் நிற்கிறது. கித்தார் எவ்வளவு உறுமினாலும் டிரம்ஸின் ஒவ்வொரு அடியும் தனியாகக் காதில் விழுகிறது. பாடகரின் குரல் எதற்கடியிலும் புதைவதில்லை. அந்தக் காலத்து ஹார்ட் ராக் பதிவுகள் பலவற்றை இதோடு அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் வித்தியாசம் புரியும்.

எட்டுப் பாடல்கள், சுமார் முப்பத்திரண்டு நிமிடம். முதல் பக்கத்தில் இரண்டாவது பாட்டு 'பேட் மோட்டார் ஸ்கூட்டர்'. ரோனி விரலில் ஸ்லைடை மாட்டிக்கொண்டு, உறுமும் ஒலியைக் கித்தார்க் கம்பியில் தேய்த்து மேலே கொண்டு போகிறார். ஒலி ஏறி, சட்டென்று ஒரு படி இறங்கி, மறுபடி ஏறும். கியர் மாற்றும்போது வண்டி விடும் மூச்சு அது. மோட்டார் சைக்கிள் ஓசையைத் தனியாகப் பதிவு செய்து ஒட்டியிருக்கிறார்கள் என்றே முதல் தடவை கேட்பவர்கள் நினைப்பார்கள். முழுக்கக் கித்தார்தான்.

இரண்டாம் பக்கத்தின் 'ராக் கேண்டி' வேறு ஜாதி. தொடக்கத்தில் கர்மாஸி மட்டும். அவசரமே இல்லாத அடி. ஒவ்வொன்றும் விழுந்து, அறையில் கொஞ்சம் பரவி, அதன் பிறகுதான் அடுத்தது. லெட் செப்பலினின் ஜான் பான்ஹமைக் கேட்டு வளர்ந்த கை என்பது நாலே அடியில் தெரிந்துவிடும். அப்புறம் கித்தார் நுழைகிறது, அதுவும் அவசரப்படாமல். நால்வர் பெயரிலும் எழுதப்பட்ட பாட்டு இது. வரிகளில் பெரிதாக ஒன்றும் கிடையாது என்று குறை சொல்வோர் உண்டு. ஆல்பம் முழுக்கவே வண்டி, பெண், இனிப்பு, இரவு, இதைத் தாண்டி ஹேகரின் கற்பனை போகவில்லை என்பார்கள். உண்மைதான். அந்த டிரம்ஸ் மேல் தத்துவம் பாடியிருந்தால் நான் தட்டை எடுத்து மூலையில் வைத்திருப்பேன்.

எனக்கு இதில் உச்சம் 'ஸ்பேஸ் ஸ்டேஷன் நம்பர் 5'. விண்வெளி ஓசைகளில் தொடங்கி, கூரான ரிஃப் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஓடி, கடைசியில் நால்வரும் கட்டவிழ்ந்து வேகமெடுப்பார்கள். ஆறு ஏழு வருடம் கழித்து இங்கிலாந்துப் பையன்கள் ஹெவி மெட்டல் என்று வாசித்த வேகம் இங்கே ஏற்கெனவே இருக்கிறது.

பலவீனம் எது என்றால் பெரும்பாலானவர்கள் 'குட் ராக்கின் டுநைட்' பக்கம் கை காட்டுவார்கள். ராய் பிரவுன் 1947இல் எழுதிப் பாடியது. எல்விஸ் உட்பட எத்தனையோ பேர் பாடிவிட்டார்கள். இரண்டாம் பக்கத்தைத் தொடங்க இதை ஏன் எடுத்தார்கள் என்ற கேள்வி நியாயமானது. முப்பத்திரண்டு நிமிட ஆல்பத்தில் இடம் நிரப்பப் பழைய பாட்டா? மேடையில் கூட்டத்தைக் கிளப்ப இது உதவியிருக்கும். தட்டில் 'ராக் கேண்டி'க்கு முன்னால் வந்து நிற்கும்போது, வாசலில் வழி விடாமல் நிற்கும் விருந்தாளி மாதிரிதான் இருக்கிறது.

வெளியான பிறகு என்ன நடந்தது? பெரிதாக ஒன்றுமில்லை. டீப் பர்ப்பிள், பிளாக் சபாத், ஆலிஸ் கூப்பர் என்று உரத்த சத்தம் போடும் பெயர்கள் அமெரிக்காவில் ஏற்கெனவே வார்னரிடம் இருந்தன. புதுக் குழுவைத் தூக்கி நிறுத்த அவசரமில்லை. குறும்பாட்டாகப் பிய்த்து ஏ.எம். வானொலியில் போடத் தோதான பாட்டும் இல்லை. கடல் தாண்டி இங்கிலாந்தில் பட்டியலின் முதல் ஐம்பதுக்குள் ஒரு முறை தலை காட்டியது. சொந்த ஊரைவிட அங்கேதான் மரியாதை அதிகம், பிற்பாடும் அப்படித்தான்.

குழுவும் நிலைக்கவில்லை. அடுத்த ஆல்பமான 'பேப்பர் மணி' (1974) வருவதற்குள் பில் சர்ச் போய்விட்டார். 1975 தொடக்கத்தில், ஐரோப்பியப் பயணத்தின் முடிவில், ஹேகரும் வெளியே. ரோனிக்கு ஒரே ஒலியில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காது. ஹேகருக்கோ அந்த ஒலிதான் வேண்டும். தனியாகப் போன ஹேகர் முதலில் சேர்த்துக்கொண்டது பில் சர்ச்சை. பிறகு கர்மாஸியும் அவரோடு வாசித்தார். 1978இல் ஹேகர் வெளியிட்ட மேடைப் பதிவு ஆல்பத்தில் 'மேக் இட் லாஸ்ட்', 'பேட் மோட்டார் ஸ்கூட்டர்' இரண்டும் இருந்தன. மாண்ட்ரோஸ் என்ற பெயர் ரோனியிடம் தங்க, பாடல்கள் ஹேகரோடு ஊர் ஊராகப் போயின.

இதற்குள் தட்டு பாசடினாவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய அந்த ஊரில், வீட்டுக் கொல்லைப்புற விருந்துகளிலும் கிளப்புகளிலும் பிறருடைய பாட்டை வாசித்துச் சம்பாதித்துக்கொண்டிருந்தது வான் ஹேலன் என்ற இளைஞர் குழு. அவர்கள் வாசித்தவற்றில் 'மேக் இட் லாஸ்ட்'டும் உண்டு. 1977 பிப்ரவரியில் ஹாலிவுட்டின் ஸ்டார்வுட் கிளப்பில் அவர்களைப் பார்த்துவிட்டு, வார்னரின் தலைவர் மோ ஆஸ்டினையும் அழைத்து வந்து ஒப்பந்தம் போடவைத்தவர் டெட் டெம்பிள்மன். ஒலிப்பதிவுக்கு அதே டான் லாண்டி. 1978இல் வந்த வான் ஹேலனின் முதல் ஆல்பம் பிற்காலத்தில் அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடியைத் தாண்டியது. அதுவும் அரை மணி நேரத்துச் சொச்சம்தான்.

மாண்ட்ரோஸ் ரசிகர்கள் சூடாவது இந்த இடத்தில். அச்சு இங்கே வார்க்கப்பட்டது, பணமும் புகழும் அங்கே போனது என்பார்கள். பாதி சரி என்பது என் அபிப்பிராயம். சுருக்கமான பாடல்கள், முன்னால் வந்து நிற்கும் கித்தார், தெளிவான முரட்டுத்தனம் எல்லாமே 1973இல் பார்த்த ஏற்பாடு. ஆனால் அந்தக் குழுவின் கித்தார்க் கலைஞர் எட்வர்ட் வான் ஹேலனின் விரல்கள் எந்தத் தயாரிப்பாளரும் போட்ட திட்டத்தில் கிடையாது. அதை மறந்துவிட்டுப் பேசுவது ரோனிக்குப் பெருமை சேர்க்காது.

டெம்பிள்மன் மனதிலும் அந்தப் பழைய குழு இருந்திருக்கிறது. வான் ஹேலனின் தொடக்கத்தில் பாடகர் டேவிட் லீ ராத்தின் குரல் தேறுமா என்று சந்தேகப்பட்டு, சாம்மி ஹேகரை அந்த இடத்தில் வைத்தால் என்ன என்று யோசித்ததை அவரே 2020இல் வந்த நினைவு நூலில் சொல்லியிருக்கிறார். அப்போது நடக்காதது 1985இல் நடந்தது. ராத் விலக, ஹேகர் வந்தார். அடுத்த வருடம் '5150' ஆல்பம் வான் ஹேலனுக்கு முதல் முறையாக முதல் இடத்தைப் பெற்றுத்தந்தது. மாண்ட்ரோஸுக்குப் பிளாட்டினம் வந்ததும் அதே 1986இல்தான். புதுப் பாடகர் முன்பு எங்கே பாடிக்கொண்டிருந்தார் என்று தேடிப் போனவர்கள் வாங்கியதும் அந்தக் கணக்கில் இருக்கத்தான் செய்யும். எல்லாவற்றையும் அவர்கள் தலையில் கட்டவும் முடியாது. அதுவரை வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டிருந்த சரக்கு அது.

இங்கிலாந்தில் மாண்ட்ரோஸ் பெயர் பரவியது வேறு வழி. 1980இல் 'சாங்சுவரி' என்ற குறுந்தட்டின் பின்பக்கத்தில் அயர்ன் மெய்டன் வாசித்தது 'பேப்பர் மணி'யில் வந்த 'ஐவ் காட் த ஃபயர்'. 1992இல் இன்னொரு குறுந்தட்டில் 'ஸ்பேஸ் ஸ்டேஷன் நம்பர் 5'. மெட்டல் ரசிகர்கள் பலர் மாண்ட்ரோஸ் என்ற பெயரை முதலில் பார்த்தது பாடலாசிரியர் வரியில்தான். பிறகு அந்த நாட்டில் பழைய ஹார்ட் ராக் ஆல்பங்களைத் தூசி தட்டி மறுபதிப்பு செய்யத் தொடங்கிய ஒரு நிறுவனம் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் ராக் கேண்டி. அதே பெயரில் ஒரு பத்திரிகையும் வந்தது. பட்டியலில் ஏறாத ஒரு பாட்டு கடைப் பெயர்ப் பலகையில் ஏறிவிட்டது.

லெட் செப்பலினின் நகல் என்று ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். குற்றச்சாட்டு அந்த நாளிலிருந்தே உண்டு. டிரம்ஸைக் கேட்டால் மறுப்பது கஷ்டம். வேடிக்கை என்னவென்றால், 1993இல் லெட் செப்பலினின் கித்தார்க் கலைஞர் ஜிம்மி பேஜ், பாடகர் டேவிட் கவர்டேலோடு சேர்ந்து ஆல்பம் போட்டபோது டிரம்ஸுக்கு உட்கார்ந்தவர் டென்னி கர்மாஸி. நகல் என்று பேஜுக்குத் தோன்றியிருந்தாலும் அது அவருக்கு இடைஞ்சலாக இருக்கவில்லை.

ரோனி திரும்பிப் பார்க்கும் ஆள் இல்லை. குரலே இல்லாத கித்தார் ஆல்பம் போட்டார், காமா என்று வேறு குழு தொடங்கினார், மற்றவர்களுக்குத் தயாரிப்பாளராக உட்கார்ந்தார். 1997இல் ஹேகரின் 'மார்ச்சிங் டு மார்ஸ்' ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டுக்காகப் பழைய நால்வரும் சேர்ந்து வாசித்தார்கள். 2012 மார்ச் 3 அன்று, 64 வயதில், ரோனி இறந்துபோனார். அடுத்த மாதம் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த அஞ்சலிக் கச்சேரியில் மற்ற மூவரும் மேடையேறி அந்த முதல் ஆல்பத்துப் பாடல்களை வாசித்தார்கள்.

2017இல் வந்த விரிவாக்கப் பதிப்புதான் கேட்பவர்களின் சண்டைக்குப் புது விறகு போட்டது. கே.எஸ்.ஏ.என். வானொலிக்காக 1973 ஏப்ரலில் சாசலிட்டோவின் ரெக்கார்டு பிளான்ட் ஸ்டுடியோவில் குழு நேரடியாக வாசித்ததன் பதிவு அதில் இருக்கிறது. ஆல்பம் வெளிவர அப்போது இன்னும் ஆறு மாதம் இருந்தது. குழுவுக்கும் பிறந்து சில மாதம்தான். ஆனால் ஆல்பத்தின் பெரும்பாலான பாடல்கள் ஏற்கெனவே தயார். டெம்பிள்மன்தான் எல்லாம் என்று வாதாடுகிறவர்கள் இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் குரலைத் தணித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ரிஃப்களும் கர்மாஸியின் அடியும் ஹேகரின் கத்தலும் தயாரிப்பாளர் தொடுவதற்கு முன்பே இருக்கின்றன. இல்லாதது அந்தக் கனம். ஒரே பாட்டு இங்கே ஒல்லியாக, அவசரமாக ஓடுகிறது. ஆல்பத்தில் நெஞ்சில் வந்து உட்காருகிறது. ரோனி கட்சிக்கும் டெம்பிள்மன் கட்சிக்கும் ஆளுக்கொரு சாட்சி கிடைத்தாயிற்று. நான் எந்தக் கட்சி என்று கேட்டால், 'ராக் கேண்டி'யின் தொடக்கத்தைப் பொறுத்தவரை லாண்டி கட்சி.