செங்கல்பட்டு வட்டாரத்தில் டயர் ரப்பரும் எண்ணெயும்: ஒரு வரலாற்று நோக்கு

1997இல் பிரிக்கப்படுவதற்கு முந்தைய செங்கல்பட்டு மாவட்டம் வடக்கே திருவொற்றியூர், மணலிக்கு அப்பாலும் தெற்கே மாமல்லபுரக் கடற்கரைக்கு அப்பாலும் விரிந்திருந்தது. ஏரிகளுக்கும் நெல்லுக்கும் பெயர்பெற்ற இம்மாவட்டத்தின் டயர்த்தொழில் வரலாறு குறைவாகவே பேசப்படுகிறது. 1946இல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் பலூன் செய்யும் பட்டறையைத் தொடங்கினார். 1952இல் அந்நிறுவனம் தேய்ந்த டயர்களைப் புதுப்பிக்க உதவும் டிரெட் ரப்பர் தயாரிப்பிலும், 1961இல் அமெரிக்க மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்தின் தொழில்நுட்பத் துணையுடன் டயர் உற்பத்தியிலும் இறங்கியது. அண்டையிலுள்ள மணலியில் 1969இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது.

டயரின் தரைபடும் பகுதிக்குரிய ரப்பர்க் கலவையை இளக்கவும், அதில் கரித்தூளைச் சீராகப் பரப்பவும் எண்ணெய் சேர்க்கப்படுகிறது. உயவு எண்ணெய் தயாரிப்பில் கரைப்பானால் பிரித்து நீக்கப்படும் அரோமேட்டிக் சாறே உலகெங்கும் பல்லாண்டுகள் இதற்குப் பயன்பட்டது. சுத்திகரிப்பு ஆலைக்கு அது வேண்டாத மிச்சம்; ரப்பர் ஆலைக்கோ மலிவான சரக்கு. ஸ்டைரீன் பியூட்டாடையீன் ரப்பரோடு அது நன்கு கலந்தது. ஈரச்சாலையில் பிடிப்பையும் தந்தது. எனினும் இதனை ஆராய்ந்து கண்ட தேர்வு என்பதைவிடக் கைக்கெட்டிய தேர்வு என்பதே பொருந்தும். அச்சாற்றில் பல்வளைய அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன்கள் மிகுதி. அவற்றுட் சில புற்றுநோய் விளைவிப்பவை. டயர் தேயுந்தோறும் அவை சாலைத்தூசில் கலக்கின்றன.

ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் பிறப்பித்த ஆணை 2010 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சேர்க்கப்படும் எண்ணெயில் பென்சோபைரீன் கிலோவுக்கு 1 மில்லிகிராமையும், குறிப்பிட்ட எட்டுச் சேர்மங்களின் கூட்டளவு 10 மில்லிகிராமையும் தாண்டலாகாது. மறுசுத்திகரிப்புச் செய்த சாறுகளும் நாஃப்தீனிக் எண்ணெய்களும் மாற்றாயின. அதே 2010இல்தான் ஒரகடத்தில் அப்பல்லோ நிறுவனத்தின் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. ஆனால் அவ்வாணை காப்பது ஐரோப்பியச் சந்தையை மட்டுமே. மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேயும் டயர் அதன் வரம்புக்கு வெளியே நிற்கிறது. முட்டுக்காட்டில் அச்சாலை கடக்கும் கழிமுகம், இருளர் உள்ளிட்டோர் இறால் பிடித்துப் பிழைக்கும் நீர்நிலை என்பது இங்கு நினைக்கத்தக்கது.

இந்திய ஆய்வுகள் இவ்வாணையை எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களிலேயே அரோமேட்டிக் எண்ணெய்க்குப் பதிலாகத் தவிட்டெண்ணெயைச் சோதித்தனர். தாவர எண்ணெய்களில் தடைகளும் உண்டு. அவற்றின் இரட்டைப் பிணைப்புகள் கந்தகத்தில் ஒரு பங்கை ஈர்த்துக்கொள்வதால் ரப்பரின் குறுக்குப் பிணைப்புகள் குறையக்கூடும். ஈரச்சாலைப் பிடிப்பும் தளரலாம். ஆகவே எண்ணெயை மட்டும் மாற்றினால் போதாது. கலவையின் விகிதமே மாறவேண்டும். சமையலுக்கு உகந்த தவிட்டெண்ணெய் ஆலைக்கு எளிதில் கட்டுபடியாகாது. நெல் அரைத்தபின் தவிடு தேங்கினால் அமிலம் கூடி, எண்ணெய் உண்ணத் தகாததாகிறது. ரப்பர்க் கலவையில் அக்கொழுப்பமிலமே, தனியே சேர்க்கவேண்டிய ஸ்டியரிக் அமிலத்தின் வேலையைச் செய்கிறது.