அரைப் பென்னி வரியும் பொது நூலகமும்

நூலகத்தின் சிறப்பினை எடுத்துரைப்போர் பலர்; அதனை நிலைநிறுத்தும் பொருள் எவ்வழி வருதல் வேண்டும் என ஆராய்வோர் சிலரே. புரவலர் ஒருவர் மனமுவந்து அமைத்த நூலகம் அவர் காலத்திற்குப்பின் நலிவதும் உண்டு. மக்கள் செலுத்தும் வரியால் இயங்குவதே பொது நூலகம் என்னும் பெயருக்கு முற்றும் உரியது. இக்கொள்கையைப் பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1850ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட வரலாற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

இம்முயற்சிக்கு முதல்வராய் நின்றோர் இருவர். ஒருவர் பாராளுமன்ற உறுப்பினரான வில்லியம் யூவர்ட். மற்றவர் பிரிட்டிஷ் மியூசியத்து நூலகத்தில் பணியாற்றிய எட்வர்டு எட்வர்ட்சு. யூவர்ட் தலைமையில் 1849இல் ஆய்வுக்குழு ஒன்று அமைந்தது. அதன்முன் எட்வர்ட்சு சான்றுரைத்தார். ஐரோப்பிய நகரங்களின் நூலகங்களோடு தம் நாட்டு நிலையை அவர் ஒப்பிட்டுக் காட்டினார். அந்நகரங்களிற்போல யாவரும் தடையின்றிப் புகத்தக்க நூலகம் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்துச் செத்தாம் நூலகம் ஒன்றே எனக் குழு கண்டது. அதுவும் 1653இல் தனியொருவர் விட்டுச்சென்ற அறக்கொடையால் எழுந்தது. எட்வர்ட்சு தந்த கணக்குகளிற் பிழைகள் உள என அக்காலத்தே கண்டனம் எழுந்தது. ஆயினும் அவற்றால் விளங்கிய பொது உண்மை மறுக்கப்படவில்லை.

சட்ட வரைவு மன்றத்திற்கு வந்தபோது எதிர்ப்பு வலுத்தது. வரிச்சுமை மிகும் என்றனர் சிலர்; நூலகங்கள் கிளர்ச்சியுரை நிகழும் கூடங்களாகிவிடும் என அஞ்சினர் வேறு சிலர். சாசனவாதிகளின் பேரியக்கம் 1848இல் நாட்டை உலுக்கியமை அவ்வச்சத்திற்குக் காரணமாகலாம். கர்னல் சிப்தார்ப் என்பவரோ தமக்குப் படிப்பதே பிடிக்காது என வெளிப்படையாகக் கூறினார். வரைவை ஆதரித்த சோசப் பிரதர்ட்டன், நூலகம் மிகக் குறைந்த செலவில் அமையும் காவற்படையாகும் என வாதித்தார். கல்வி மக்களின் உரிமை என்பதைவிட, குற்றம் குறையும் என்பதே அவையினர் செவிக்கு ஏற்ற மொழியாக இருந்தது போலும். இரண்டாம் வாசிப்பில் ஆதரவு வாக்குகள் 118; எதிர்ப்பு வாக்குகள் 101. பதினேழு வாக்குகளே வேறுபாடு.

நிறைவேறிய சட்டம் மிக மெலிந்தது. பதினாயிரம் மக்கட்டொகைக்குக் குறையாத நகரங்களுக்கே அது பொருந்தும். அங்கும் வாக்களிப்போருள் மூன்றில் இரு பங்கினர் இசைதல் வேண்டும். சொத்து மதிப்பில் பவுன் ஒன்றுக்கு அரைப் பென்னிக்கு மேல் வரி விதித்தல் கூடாது. அவ்வரிப்பணத்தைக் கட்டடத்திற்கும் பணியாளர்க்கும் செலவிடலாம். நூல் வாங்குதற்குச் செலவிடல் ஆகாது! நூல்கள் நன்கொடையாக வந்துவிடும் என்பது கருத்து. நூலின்றி நூலகம் அமைக்க இசைவு தந்த இச்சட்டத்தை வெற்றி எனக் கொள்ளலாமா?

கொள்ளலாம் என்பதே எம் கருத்து. யூவர்ட் முதலியோர் பொருளளவிற் பெரிதும் விட்டுக்கொடுத்தனர், கொள்கையை விட்டுக்கொடுத்திலர். வரி என்னும் வித்து சட்டத்துள் ஊன்றப்பட்டது. மான்செஸ்டர் நகரத்தார் 1852இல் வாக்களித்தபோது, ஆதரித்தோர் 3,962 பேர். எதிர்த்தோர் 40 பேரே. பாராளுமன்றம் தயங்கிய இடத்தில் மக்கள் தயங்கவில்லை. 1855ஆம் ஆண்டுச் சட்டம் வரியை ஒரு பென்னியாக உயர்த்தி, நூல் வாங்கவும் இடந்தந்தது. எனினும் விட்டுக்கொடுத்தலுக்கு விலையும் உண்டு. வரிக்கு மேல்வரம்பு விதிக்கும் முறை இங்கிலாந்தில் 1919 வரை நீங்கவில்லை. மான்செஸ்டர் நூலகத்தின் முதல் நூலகரான எட்வர்ட்சு 1858இல் பதவியினின்று நீக்கப்பட்டார். 1886இல் வறுமையுற்று மறைந்தார்.

இவ்வரலாறு நமக்கும் தொடர்புடையது. சென்னைப் பல்கலைக்கழக நூலகர் சீ. இரா. அரங்கநாதன் 1924-25இல் இங்கிலாந்து சென்று அந்நாட்டு நூலகங்களை நேரிற் கண்டவர். அவர் 1930இல் மாதிரி நூலகச் சட்டம் ஒன்றை வகுத்தார். இடையிற் பல தடைகளைக் கடந்து 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சொத்துவரி ரூபாய் ஒன்றுக்கு 6 தம்பிடி, அஃதாவது அரையணா, நூலக வரியாக விதிக்கப்பட்டது. ஊர்தோறும் வாக்கெடுத்து இசைவு பெறும் முறை இதில் இல்லை; வரி கட்டாயமாயிற்று. சென்னை நகர் நீங்கலான இடங்களில், திரண்ட வரிக்குக் குறையாத தொகையை அரசும் அளித்தல் வேண்டும் என விதித்தனர். இங்கிலாந்தில் விருப்பளவாய்த் தொடங்கிய வரி இங்குக் கடமையாயிற்று.

ஆகவே, நூலகத்திற்காகச் சட்டமன்றத்தாரிடம் வாதிடுவோர் முதலிற் கேட்கத்தக்கது கட்டடமும் அன்று, பாராட்டுரையும் அன்று. ஆண்டுதோறும் தவறாது வரும் பொருளைச் சட்டத்தால் உறுதி செய்தலே அது. அளவு சிறிதாயினும் பின்னர் வளரும். உறுதி இல்லையேல் பெருந்தொகையும் ஓராண்டில் வற்றும். அரைப் பென்னியும் அரையணாவும் நமக்கு உணர்த்தும் முடிபு இதுவே.