மயிற்பாறையும் வர்ணப்பெட்டியும்

சிங்கள மொழியில் 'மொனர' என்பது மயில். 'கல' என்பது பாறை. ஆகவே மொனராகலை என்னும் ஊர்ப்பெயருக்கு மயிற்பாறை என்று பொருள் கொள்ளலாம். வர்ணங்களைச் சேர்த்து வைப்பதில் ஆசை கொண்ட ஒருவனுக்கு இதனினும் பொருத்தமான ஊர் வாய்ப்பது அரிது. ஆயினும் மயிலின் நீலம் எவருடைய பெட்டியிலும் அடங்காது. ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் மயிலிறகை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்து நோக்கித் தாம் கண்டவற்றை 1665ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். இறகை நீரில் நனைத்தால் நிறம் மறைந்துவிடுவதை அவர் அதில் குறித்துள்ளார். இறகிலே உள்ள சாயம் கருமை சார்ந்த பழுப்பு ஒன்றே. மற்றவையெல்லாம் இறகின் நுண்ணிய அமைப்பிற் பட்டுத் திரும்பும் ஒளியின் விளையாட்டு.

மயிலிடமிருந்து கடன்பெற முடியாத மனிதன், மண்ணிடமும் மரத்திடமும் கேட்டுப் பெற்றான். அதற்குச் சான்று மொனராகலை மாவட்டத்திலேயே உண்டு. வெல்லவாயாவுக்குத் தெற்கே சில மைல் தூரத்தில், காட்டுக்குள்ளே புதுருவகல என்னும் பாறை நிற்கிறது. அதன் முகத்தில் ஏழு திருவுருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. நடுவில் நிற்கும் புத்தர் ஏறக்குறைய 51 அடி உயரம். 9ஆம் அல்லது 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மகாயான பௌத்தச் சிற்பங்கள் இவை என்பர். இன்று காண்போர் கருங்கல்லையே காண்கின்றனர். ஆனால் சற்று நின்று நோக்கினால், புத்தரின் ஆடை மீது பழைய சாந்தின் எச்சமும், செம்மஞ்சள் நிறத்தில் ஒரு நீண்ட கோடும் தெரியும். பக்கத்தில் அவலோகிதேசுவரர் எனக் கருதப்படும் உருவத்தில் வெண்மை இன்னும் எஞ்சியிருக்கிறது. இப்பாறை ஒருகாலத்தில் வர்ணம் பூசி விளங்கியது. ஆயிரம் ஆண்டு மழையும் வெயிலும் உண்டது போக மிஞ்சியது அவ்வளவே.

இத்தகைய வர்ணங்களை நம் நாட்டுக் கலைஞர் எவ்வாறு பெற்றனர் என்பதை விரிவாக எழுதி வைத்தவர் ஒரு தமிழர் மகன். அதிலும், ஓவியம் பயில வந்தவரல்லர், கற்களை ஆராய வந்தவர். சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வரான ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராயிருந்தார். கனிகளைத் தேடி ஊரூராய்த் திரிந்தவருக்கு, அக்கனிகளையே அரைத்து வர்ணமாக்கும் சித்திரக்காரர் கண்ணிற் பட்டனர். 1908இல் நிறைவுற்ற அவருடைய 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் பெருநூல் 425 பிரதிகளே அச்சிடப்பட்டது. ஊவாவையும் உள்ளடக்கிய பழைய கண்டி இராச்சியத்தின் கைத்தொழில்களைப் பற்றிப் பேசுவது அது.

அந்நூலில் வரும் வர்ணப் பொருள்களின் வரிசை, ஒரு மருந்துக் கடையின் கணக்கேடு போலத் தோன்றும். சிவப்புக்குச் சாதிலிங்கம். மஞ்சளுக்கு அரிதாரமும், கொறுக்காய் இனத்து மரமொன்றின் மஞ்சட் பாலும். வெண்மைக்கு ஒருவகை வெண்களி. கருமைக்கு எண்ணெயும் பலாப்பாலும் முதலியன எரித்தெடுத்த புகைக்கரி. நீலத்துக்கு அவுரி. இவற்றைப் பிணிக்க விளாம்பிசின். நுண்ணிய கோடுகளுக்கு ஒருவகைப் புல்லின் சுணையைக் கட்டிய தூரிகை. பெரும் பரப்புக்குத் தாழை விழுதை நசுக்கிய தூரிகை. கடைக்குப் போய் வாங்கும் வேலை சிறிது; காட்டிலும் அடுப்படியிலும் செய்யும் வேலை பெரிது. சாதிலிங்கம் போன்ற சில பொருள்களே கடல் கடந்து வந்தன. இவ்வர்ணங்களைப் பயன்படுத்தியவர் பொழுதுபோக்குக்காகப் பயன்படுத்தவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. சித்திரக்காரர் தாம் அனுபவித்த நிலத்துக்கு ஈடாக விகாரைக்கும் அரசுக்கும் ஊழியம் செய்தவர். வர்ணம் அவருக்குத் தொழில், குலக்கடன். ஒரு நிறத்தை அதன் அழகுக்காகவே வாங்கி, ஒன்றும் வரையாமல் பெட்டியில் வைத்து மகிழும் சுதந்திரம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

அந்தச் சுதந்திரம் வர்ணப்பெட்டியுடன் வந்தது. இலண்டனில் ரீவ்ஸ் சகோதரர் நீர்வர்ணத்தைச் சிறு கட்டிகளாகச் செய்து, 1781இல் கலைச் சங்கத்தின் வெள்ளித் தட்டைப் பரிசாகப் பெற்றனர். வர்ணத்தை அரைக்கத் தெரியாதவனும் நீரிற் கரைத்து வரையலாம் என்ற நிலை உண்டாயிற்று. அக்காலத்தில் பிரித்தானியப் படை மாணவருக்குச் சித்திரம் ஒரு பாடம். பகைவர் நிலத்தை வரைந்து காட்டப் பழகிய கை, ஓய்வு நேரத்தில் அருவியையும் மலையையும் வரைந்தது. 1841இல் ஜோன் ராண்ட் என்னும் அமெரிக்க ஓவியர் வெள்ளீயக் குழாயில் எண்ணெய் வர்ணத்தை அடைக்கும் முறைக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அதற்கு முன் பன்றியின் நீர்ப்பையிலே வர்ணத்தைக் கட்டி வைத்தனர்! மலைநாட்டில் கோப்பியும் பின்னர் தேயிலையும் பயிரிட்ட துரைமார் குடும்பங்களோடு இத்தகைய பெட்டிகளும் மலையேறின. பதுளைக்கு இரயில் வந்தது 1924இல்தான். அதற்கு முன் அவை மலைப்பாதையிலே பயணஞ் செய்திருக்க வேண்டும்.

பங்களாவில் வர்ணப்பெட்டி, லயத்தில் என்ன இருந்தது? இங்கே நீலத்தின் கதையைச் சற்று விரித்துரைக்க வேண்டும். சிகிரியாவின் 5ஆம் நூற்றாண்டு ஓவியங்களிற் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் நிறைந்திருக்க, நீலம் மிக அரிது. ஐரோப்பாவில் அரிய நீலம் ஆப்கானிஸ்தானின் படக்சான் மலையிற் கிடைத்த கல்லை அரைத்துப் பெறப்பட்டது. பொன்னோடு ஒப்பிடும் விலை. அந்நீலத்தைச் செயற்கையாகச் செய்வோருக்கு 6,000 பிராங்கு பரிசு தருவதாகப் பிரெஞ்சுச் சங்கமொன்று 1824இல் அறிவித்தது. 1828இல் கிமே என்பவர் அதனைப் பெற்றார். விலை சரிந்தது. அரசர் ஓவியத்துக்கு உரிய நிறம், துணி வெளுக்கும் நீலப் பொடியாக மாறிச் சிறு கடைகளுக்கும் வந்து சேர்ந்தது. பண்டிகைக்கு முன் சுண்ணாம்பில் அந்த நீலத்தைச் சிறிது கலந்து சுவருக்கு வெள்ளையடிக்கும் தாய்மாரை நாம் அறிவோம். தாங்கள் கையாள்வது ஒரு காலத்தில் பொன்விலை பெற்ற நிறம் என்று அவர்களுக்கு எவரும் சொன்னதில்லை.

மாசி மாதத்தில் தோட்டங்களில் நிகழும் காமன் கூத்தும் இவ்வரலாற்றுக்கு உரியதே. முகப்பூச்சை நாம் அரிதாரம் என்கிறோம். சித்திரக்காரர் மஞ்சளுக்கு அரைத்த நச்சுக் கனியின் பெயரும் அரிதாரமே. விகாரைச் சுவரும் கூத்தாடியின் முகமும் ஒரே சொல்லைப் பங்கிட்டுக்கொண்டன. வர்ணத்தில் உண்டாகும் இன்பம் பங்களாவுக்கு மட்டும் உரியதாய் இருந்ததில்லை. பெட்டிதான் அங்கே இருந்தது.

இன்று பதுளைக் கடைத்தெருவிலும் மொனராகலையிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு வண்ணப் பென்சிலும் பாஸ்டலும் நீர்வர்ணமும் கிடைக்கின்றன. பெரியவர்களும் வாங்குகின்றனர். வாங்கியவற்றை நிற வரிசையில் அடுக்கி, மூடியைத் திறந்து பார்த்து, மீண்டும் மூடி வைப்போரை நான் அறிவேன். அவருள் நானும் ஒருவன். வரையாத வர்ணம் வீண் என்று ஏசுவோர் உளர். நான் அவ்வளவு கடுமையாக எண்ணவில்லை. இரவீந்திரநாத தாகூர் அறுபது வயதைக் கடந்த பின்னரே முனைந்து ஓவியந் தீட்டினார். கவிதையின் அடித்தல் திருத்தல்களிலிருந்து தொடங்கி, வர்ண மைகளைக் கையாண்டு, 1930இல் பாரிசிற் கண்காட்சி வைத்தார். மை முதலில் மேசை மீது இருக்க வேண்டுமல்லவா?

ஆயின் சேர்ப்பவர் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். எல்லா வர்ணமும் ஒருபோல நிலைப்பதில்லை. ரசல், ஆப்னி என்னும் இரு விஞ்ஞானிகள் நீர்வர்ணங்களை நீண்டகாலம் வெயிலில் வைத்துச் சோதித்து, 1888இல் அறிக்கை வெளியிட்டனர். பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன் சிவப்பு வெளுத்துப் போயிற்று. அவுரி நீலமும் தாழ்வுற்றது. மண்ணிலிருந்து எடுக்கும் மஞ்சட் காவியும் செங்காவியும் மாறாமல் நின்றன. கடையிலே கண்ணைப் பறிக்கும் நிறம் சுவரிலே முதலில் மறையும் நிறமாயிருக்கலாம். இக்காலத்து நல்ல வர்ணக் குழாய்களில் ஒளிதாங்கும் தன்மைக்கு ஒரு குறி இடுகின்றனர். அதை வாசித்து வாங்க வேண்டும்.

குறியில்லாத வர்ணங்கள் வைத்திருப்போர் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு தாளில் ஒவ்வொரு வர்ணத்தையும் பட்டையாகத் தீட்டி, ஒவ்வொன்றின் அருகிலும் அதன் பெயரை எழுதுங்கள். பட்டைகளின் பாதியைத் தடித்த அட்டையால் மூடி, வெயில் விழும் யன்னற் கண்ணாடியில் ஒட்டி வையுங்கள். மூன்று மாதம் கழித்து அட்டையை எடுத்துப் பாருங்கள்.