டீம் பக்வீட்

டீம் பக்வீட், அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் மட்டும் வளரும் பல்லாண்டுச் சிறுசெடி. அறிவியல் பெயர் எரியோகோனம் டீமியை. ஆர்னால்டு டீம் 1983-இல் கண்டெடுத்த இச்செடியை ஜேம்ஸ் ரெவீல் 1985-இல் புதிய இனமாக விவரித்து, கண்டவர் பெயரையே சூட்டினார். நீலம் கலந்த சாம்பல் நிற இலைகளும் பந்துபோல் திரளும் வெளிர்மஞ்சள் பூக்களும் கொண்டது.

எஸ்மெரால்டா கவுன்டியின் ரயோலைட் ரிட்ஜ் பகுதியில், சுமார் 10 ஏக்கர் பரப்பில் எட்டுச் சிறு கூட்டங்களாக நிற்கிறது. உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. பழைய ஏரிப்படிவாலான அந்த மண்ணில் லித்தியமும் போரானும் மிகுதி. பிற செடிகள் அதிகம் எட்டிப்பார்க்காத இம்மண்ணே இதன் வாழ்விடம். மின்வாகன மின்கலங்களுக்கான லித்தியத்தைத் தேடி ஆஸ்திரேலிய நிறுவனமான அயோனியர் வந்ததும் இதே மண்ணுக்காகத்தான். ஆகவே சுரங்கத்தைச் சற்றுத் தள்ளி வெட்டலாம் என்ற வழக்கமான சமரசம் இங்கே எளிதில் செல்லுபடியாவதில்லை.

2020-இல் 17,000-க்கும் மேற்பட்ட செடிகள் வேரோடு தோண்டப்பட்டுக் கிடந்தன. மனிதர் கைவரிசை என்றே முதலில் சந்தேகம் எழுந்தது. சேதமுற்ற வேர்களில் செய்த மரபணுச் சோதனை கொறிவிலங்குகளைச் சுட்டியது. ஒரே இடத்தில் மட்டும் வாழும் இனத்துக்கு கொறிவிலங்கின் பசிகூடப் பேராபத்து என்பது அப்போது வெளிப்பட்டது.

அமெரிக்க மீன், வனவிலங்கு சேவை 2022 டிசம்பரில் இதை அழியும் அபாயத்திலுள்ள இனமாக அறிவித்து, 910 ஏக்கரை முக்கிய வாழிடமாக வரையறுத்தது. செடி நிற்கும் இடத்தைப் போல ஏறத்தாழ 90 மடங்கு பரப்பு இது. மகரந்தம் சேர்க்கும் தேனீ, குளவி, வண்டு, ஈ ஆகியவற்றுக்கும் இடம் வேண்டும் என்பதே காரணம்.

பசுமைக்குடிலில் நாற்று வளர்த்து வேறிடத்தில் நடும் முயற்சியையும் அயோனியர் நிறுவனம் முன்வைத்தது. நாற்று முளைப்பது வேறு, தலைமுறை தலைமுறையாகத் தானே விதையிட்டுப் பெருகுவது வேறு. பின்னது உறுதிப்படாதவரை இடமாற்றத்தைப் பாதுகாப்பு என்று கணக்கில் வைக்க முடியாது.

நிறுவனத்தின் திருத்திய சுரங்கத் திட்டம் செடிகளை நேரடியாகத் தொடாமல் விடுகிறது. ஆனால் முக்கிய வாழிடத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைப் பாதிக்கிறது. இதனால் இனத்தின் நிலைப்புக்குக் கேடில்லை என்று மீன், வனவிலங்கு சேவை கருத்துரைக்க, கூட்டாட்சி நில மேலாண்மைப் பணியகம் 2024 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. உயிரினப் பன்மைக்கான மையம் உள்ளிட்ட அமைப்புகள் சில நாள்களிலேயே அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தன.