டிரைவர் எழுதக் கத்துக்கற கதையும், ஒரு வயர்லெஸ் சிப்பின் வரலாறும்

ஒரு மாசமா இந்தப் பக்கமே வரலை மக்களே. செமஸ்டர் லீவுல லினக்ஸுக்கு டிரைவர் எழுதக் கத்துக்கிட்டு இருக்கேன். போன்ல சொன்னதும் அம்மா, "அவ்ளோ தூரம் படிக்கப் போயிட்டு டிரைவர் வேலை எதுக்குடா?"ன்னாங்க. பின்னாடி அப்பா குரல்: "ஜெர்மனியில அதுக்கும் நல்ல சம்பளம்தான்." :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். சாதனத்துக்குள்ள ரெஜிஸ்டர்னு சின்னச் சின்ன அறைகள் இருக்கும். எந்த அறையில எந்த எண்ணை எழுதினா என்ன நடக்கும்னு தெரிஞ்சு, அதை கெர்னலுக்குப் புரியற மாதிரி எழுதினா அதுதான் டிரைவர். இதைக் கத்துக்க எல்லாரும் கையில எடுக்கிற புத்தகம் 'லினக்ஸ் டிவைஸ் டிரைவர்ஸ்'. 1998ல் அலெஸ்ஸாண்ட்ரோ ரூபினி எழுதினது. ரெண்டாம் பதிப்பில் ஜொனாதன் கார்பெட்டும், 2005ல் வந்த மூணாம் பதிப்பில் கிரெக் க்ரோ-ஹார்ட்மனும் சேர்ந்துக்கிட்டாங்க. இணையத்தில் இலவசமாவே படிக்கலாம். ஆனா அது 2.6.10 கெர்னலுக்கு எழுதினது. அதிலுள்ள 'ஸ்கல்' என்ற உதாரண டிரைவரை அப்படியே கம்பைல் பண்ணப் பார்த்தேன். வரிசையா பிழை. 2019ல் வந்த 5.0 கெர்னலில் ஒரு ஃபங்ஷனுக்கு மூணு மதிப்புக்குப் பதிலா ரெண்டு போதும்னு மாத்திட்டாங்க. அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு ராத்திரி போச்சு.

ஸ்கல் ஓடினப்புறம்தான் ஒண்ணு உறைச்சது. அது நிஜ சாதனமே இல்லை, நினைவகத்தில் ஒரு துண்டை வெச்சுக்கிட்டு சாதனம் மாதிரி நடிக்குது. நிஜமான ஒண்ணைப் படிப்போம்னு ப்ராட்காம் வயர்லெஸ் சிப்களுக்கான 'பி43' டிரைவரின் மூலநிரலைத் திறந்தேன். பெயரே இல்லாத எண்கள் வரிசையா நிக்குது. இந்த அறையில இதை எழுது, அந்த அறையில அதை எழுது. ஏன்னு எங்கயும் இல்லை. ஆனா சில ஃபங்ஷன்களுக்கு மேல குறிப்பா ஒரு இணைய முகவரி மட்டும் இருக்கு. அதைத் துரத்திப் போனதில்தான் இந்தக் கதை கிடைச்சது.

2003 வாக்கில் லேப்டாப்களில் வைஃபை பரவினப்போ நிறைய மெஷின்களில் இருந்தது ப்ராட்காம் சிப்தான். லினக்ஸுக்கு டிரைவரும் இல்லை, டிரைவர் எழுதத் தேவையான ஆவணமும் வெளியே கிடைக்கலை. அதே வருஷம் 'என்டிஐஎஸ்ராப்பர்'னு ஒரு தந்திரம் வந்தது. விண்டோஸ் டிரைவரையே தூக்கிட்டு வந்து லினக்ஸ் கெர்னலுக்குள்ள ஓட்டறது! கூச்சமா இருந்தாலும் வேலை செஞ்சது. ஆனா இன்டெல் வகை கணினிகளில் மட்டும். ஆப்பிளோட பவர்பிசி லேப்டாப்களிலும் இதே சிப்தான், அதில் லினக்ஸ் போட்டவங்களுக்கு அதுவும் கிடையாது.

வழி எதிர்பாராத இடத்தில் இருந்தது. லிங்க்ஸிஸ்ஸின் டபிள்யூஆர்டி54ஜி ரௌட்டருக்குள்ள ஓடறது லினக்ஸ்தான்னு ஆர்வலர்கள் கண்டுபிடிச்சாங்க. ஜிபிஎல் உரிமப்படி மூலநிரலைக் கொடுத்தாகணும்னு கேட்டு, 2003ல் அது வெளியே வந்தது. வயர்லெஸ் டிரைவர் மட்டும் மூலநிரலா வரலை, கம்பைல் பண்ணின கோப்பா இருந்தது. அதைத்தான் சில தன்னார்வலர்கள் பிரிச்சுப் படிச்சாங்க.

எனக்குப் பிடிச்சதே இதுக்கு அடுத்த கட்டம்தான். பிரிச்சுப் படிச்சவங்க டிரைவர் எழுதலை. சிப் என்ன எதிர்பார்க்குது, எந்த வரிசையில் எதை எழுதணும்னு தங்கள் சொந்த வார்த்தையில் ஒரு ஆவணம் தயாரிச்சு இணையத்தில் வெச்சாங்க. டிரைவர் எழுதினது வேற குழு. அவங்க அந்த ஆவணத்தை மட்டும்தான் பார்க்கணும், அசல் கோப்பைத் தொடவே கூடாது. காப்புரிமை நிரலுக்குத்தான், 'இந்த அறையில இந்த எண்' என்ற தகவலுக்கு இல்லையே. ஐபிஎம் பிசியின் பயாஸை 1982ல் காம்பேக் திரும்ப எழுதினதும் இதே முறையில்தான். நான் பார்த்த முகவரிகள் இப்படி எழுதின ஆவணத்தோட பக்கங்கள்! சாதனம் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சவனுக்குத்தான் டிரைவர் புத்தகம் உதவும். இவங்க அந்தத் தெரிதலையே கையால உண்டாக்க வேண்டியிருந்தது.

2005 டிசம்பரில் டிரைவரை அறிவிச்சாங்க. 2006 ஜூனில் வந்த 2.6.17 கெர்னலில் சேர்ந்தது. திருத்தி எழுதின பி43, 2008 ஜனவரியில் 2.6.24 கூட வந்தது.

நடுவில் 2007 ஏப்ரலில் ஒரு சண்டை. ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்துக்காக ஒருத்தர் எழுதிட்டிருந்த டிரைவரில் லினக்ஸ் டிரைவரின் வரிகள் இருந்தது. ஆவணம் பொதுவில்தான் இருக்கு, அதிலிருந்து எழுதியிருந்தா யாரும் ஒண்ணும் கேட்டிருக்க முடியாது. லினக்ஸ்காரங்க பலருக்கும் பிரதி போட்டு மடல் அனுப்பினாங்க. "தனியா சொல்லியிருக்கலாமே"ன்னு ஓபன்பிஎஸ்டி தலைவர் தியோ டி ராட் கொதிச்சார். கடைசியில் அந்த டிரைவரே கைவிடப்பட்டது. என்னைக் கேட்டா, தப்பு தப்புதான். ஆனா கத்துக்கிட்டே எழுதறவன் எடுத்துக்காட்டா ஒட்டி வெச்ச வரியை பிறகு மாத்திக்கலாம்னு நினைக்கிறது எவ்வளவு சுலபம்னு இந்த ஒரு மாசத்தில் எனக்கே தெரியும்.

அதே 2007 ஜனவரியில் கிரெக் க்ரோ-ஹார்ட்மன், ஆவணம் மட்டும் கொடுங்க, டிரைவரை நாங்க இலவசமா எழுதித் தர்றோம்னு கம்பெனிகளுக்கு அறிவிச்சார். ப்ராட்காமே தன் புது சிப்களுக்கான டிரைவரை மூலநிரலோட வெளியிட்டது 2010 செப்டம்பரில்.

பழைய சிப்களுக்கு இன்னைக்கும் பி43தான். அந்தச் சிப்புக்குள்ளேயே ஓடற ஃபர்ம்வேரை விநியோகிக்க உரிமம் இல்லாததால், டெபியனில் அதை அவங்கவங்க மெஷினில்தான் பழைய டிரைவர் கோப்பிலிருந்து வெட்டி எடுத்துக்கணும். அதுக்கு ஒரு கருவி இருக்கு, பேரே 'கட்டர்'.

நேத்து சந்தையில் இருபது யூரோவுக்கு ஒரு பழைய லேப்டாப் வாங்கினேன். உள்ளே அதே சிப். பி43ஐ எடுத்துட்டு, சிப்பின் அடையாள எண்ணை மட்டும் படிச்சுச் சொல்ற முப்பது வரி நிரல் ஒண்ணு எழுதி ஏத்தினேன். ரெண்டு தடவை மெஷின் உறைஞ்சது. மூணாவது தடவை திரையில் 0x14e4ன்னு வந்தது, ப்ராட்காமோட எண். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பி இதைக் காட்டினதுக்கு ரூம்மேட் இன்னும் பேசலை.